மாடல் எண்ணின் கடைசி எழுத்து: ஏற்றுமதி உரிமம் தொடர்பான ஒரு நிகழ்வு ஆய்வு

ரசாயன ஆலைகளுக்குப் பம்ப் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் நடந்தது இது. அங்கே ஏற்றுமதிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. சம்பந்தப்பட்ட ஆட்கள், நிறுவனங்கள், நாடுகள் எதன் பெயரையும் குறிப்பிடவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்பது அப்படிப் பார்த்தால்தான் புரியும்.

பின்னணி

எங்கள் வெளிநாட்டு விற்பனையில் பெரும்பகுதி எஸ்எஸ் 316 ரக எஃகுப் பம்ப்தான். பல வருடங்களாக ஒரே மாதிரியான காகித வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சோதனைச் சான்று, சுங்க அறிவிப்பு. திரவங்களுக்கான பம்ப் என்றால் எச்எஸ் குறியீடு, அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண், 8413-இல் தொடங்கும். மையவிலக்குப் பம்ப் என்றால் 8413.70. இந்த ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். எங்கள் கணினியில் அந்தக் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே ‘ஏற்றுமதி உரிமம்: தேவையில்லை’ என்று ஒரு வரி இருந்தது. யார் போட்டது, எப்போது போட்டது என்று யாருக்கும் நினைவில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

எஸ்எஸ் 316 பம்பைப் பொறுத்தவரை அந்த வரி சரியானதுதான். பிரச்சினை எங்கே என்றால், உரிமம் தேவையா இல்லையா என்பதை எச்எஸ் குறியீட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. அந்தக் குறியீடு சுங்க வரிக்காகவும் வணிகப் புள்ளிவிவரத்துக்காகவும் உருவானது. பொருள் என்ன வகை என்று மட்டும் சொல்லும். கட்டுப்பாட்டுப் பட்டியல், அதாவது ஏற்றுமதிக்கு உரிமம் தேவைப்படும் பொருட்களின் பட்டியல், கேட்கிற கேள்விகள் வேறு: எதனால் செய்தது, எவ்வளவு திறன், வேறு எதற்குப் பயன்படக்கூடும். ஒரே 8413.70-க்குள் உரிமமே தேவைப்படாத பம்பும் இருக்கும், உரிமம் இல்லாமல் அனுப்பினால் குற்றமாகிற பம்பும் இருக்கும்.

பம்ப் மாதிரி ஒரு சாதாரணப் பொருள் ஏன் பட்டியலுக்குள் வந்தது என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். ஈரான்-ஈராக் போரில் ஈராக் ரசாயன ஆயுதம் பயன்படுத்தியது. அந்தப் போரில் அது பயன்பட்டதை 1984-இல் ஐநா விசாரணை உறுதிப்படுத்தியது. அதற்கான மூலப்பொருளும் கருவிகளும் கள்ளச்சந்தையில் வந்தவை அல்ல. கணிசமான பகுதி வழக்கமான வணிகத்தில், ஒழுங்கான இன்வாய்ஸோடு, பல நாட்டு நிறுவனங்கள் விற்றவை. அதன் பிறகுதான் 1985-இல் ஆஸ்திரேலியா குழுமம் உருவானது. எந்த ரசாயனத்துக்கும் எந்தக் கருவிக்கும் உரிமம் கேட்க வேண்டும் என்று அதில் உள்ள நாடுகள் பேசி ஒரு பொதுப் பட்டியல் வைத்திருக்கின்றன. 1988 மார்ச்சில் ஈராக்கின் ஹலப்ஜா நகரில் நடந்த ரசாயனத் தாக்குதலில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ரசாயன ஆயுத ஒப்பந்தம் 1997-இல் நடைமுறைக்கு வந்தது. 2004-இல் ஐநா பாதுகாப்பு அவையின் 1540-ஆம் தீர்மானம், இப்படிப்பட்ட ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை எல்லா நாடுகளின் கடமையாகவும் ஆக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/821 ஒழுங்குமுறை, அமெரிக்காவின் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல், இந்தியாவின் ஸ்கோமெட் பட்டியல் எல்லாவற்றிலும் இந்தக் கருவிகள் இருக்கின்றன. எண் வேறாக இருக்கலாம், உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்.

நச்சு ரசாயனம் தயாரிப்பதில் கடுமையாக அரிக்கும் அமிலங்கள் புழங்கும். சாதாரண எஃகு அதைத் தாங்காது. உள்ளே ஓடுவது கொஞ்சம் வெளியே கசிந்தாலும் வேலை செய்பவர் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அரிப்பைத் தாங்கும், கசியாத கருவிகள் மேல் அவ்வளவு கவனம். இந்த இரண்டு குணமும் உரம், மருந்து, உலோகச் சுத்திகரிப்பு என்று நல்ல வேலைகளுக்கும் வேண்டும். இரட்டைப் பயன்பாடு என்று சொல்வது இதைத்தான். இந்த வரலாறு எங்கள் அலுவலகத்தில் என்னையும் சேர்த்து ஒருவருக்கும் முழுதாகத் தெரிந்திருக்கவில்லை.

வந்த ஆர்டர்

வெளிநாட்டு டீலர் ஒருவர் ஆறு வருடமாக எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்தார். பணம் தவறாமல் வரும். இந்த முறை 14 பம்ப், கூடவே உதிரிபாகம்: இம்பெல்லர் (உள்ளே சுழலும் சக்கரம்) ஆறு, கேசிங் லைனர் (பம்ப் கூட்டின் உள்ளுறை) நான்கு. மாடல் எண் வழக்கமானதுதான், கடைசியில் மட்டும் ‘பி’ என்று ஓர் எழுத்து சேர்ந்திருந்தது. காந்த இயக்கப் பம்ப், உட்புறம் முழுக்க பிஎஃப்ஏ என்ற, அரிப்பைத் தாங்கும் பிளாஸ்டிக் லைனிங் என்பது அதன் பொருள். விற்பனைப் பிரிவு ஆர்டரைப் பதிவு செய்தது, கணினி பழைய எச்எஸ் குறியீட்டை எடுத்துக்கொண்டது, உரிமம் தேவையில்லை என்ற வரியும் தானாகக் கூடவே வந்தது. டீலரின் பெயரைத் தடைப் பட்டியல்களில் தேடினோம், இல்லை. அத்தோடு எங்கள் பரிசோதனை முடிந்தது.

வியாழன் மதியம் கவனத்துக்கு வந்தது

சனிக்கிழமை கன்டெய்னர் ஏற்ற வேண்டும். வியாழன் மதியம், ஆவணப் பிரிவில் சேர்ந்து நான்கு மாதமே ஆன ஓர் இளம்பெண் இரண்டு தாள்களோடு என் மேசைக்கு வந்தார். ஒன்று இன்வாய்ஸ். அதில் ‘மையவிலக்குப் பம்ப், எஸ்எஸ் 316’ என்று இருந்தது. மற்றது சோதனைச் சான்று. அதில் ‘நனையும் பகுதி: பிஎஃப்ஏ’ என்று இருந்தது.

“சார், ரெண்டும் ஒரே பம்புக்குத்தானே? ஏன் சார் வேற வேறயா எழுதியிருக்கு?”

வெளி உடல் எஃகு, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு, அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். சொல்ல வாயும் திறந்தேன். ஆனால் அவர் விரல் வைத்திருந்த ‘நனையும் பகுதி’ என்ற சொல் என்னை நிறுத்தியது. சில மாதங்களுக்கு முன் போன ஒரு பயிற்சி வகுப்பில் கேட்ட சொல் அது. என்ன சொன்னார்கள் என்று நினைவில்லை, முக்கியம் என்று சொன்னது மட்டும் நினைவிருந்தது. சரி, பார்த்துவிடுவோம் என்று இருவரும் பேக்கிங் பகுதிக்குப் போனோம்.

ஒரு பெட்டி இன்னும் ஆணி அடிக்காமல் இருந்தது. பம்பின் உறிஞ்சு வாயில் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். வெளியே சாம்பல் நிற உலோகம். உள்ளே பால் மாதிரி வெள்ளை. விளிம்பு முழுக்க அந்த வெள்ளை மடிந்து வெளியே வந்து, எஃகை ஒரு இடத்திலும் தெரியவிடாமல் மூடியிருந்தது. அதற்குள் ஓடப்போகும் திரவம் எஃகைத் தொடவே போவதில்லை. எங்கள் இன்வாய்ஸ் எழுதியிருந்தது திரவம் தொடாத பாகத்தைப் பற்றி.

பட்டியலோடு வைத்துப் பார்த்தது

முதல் முடிவு எளிது. சரக்கை நிறுத்தினோம். கணினியில் குறிப்பு போட்டால் போதாது என்று பெட்டிகளிலேயே சிவப்புச் சீட்டு ஒட்டினோம். சனிக்கிழமை காலை ஏற்ற வருபவர்கள் கணினியைப் பார்க்கப் போவதில்லை.

அன்று மாலை வடிவமைப்புப் பொறியாளரையும் விற்பனை மேலாளரையும் உட்கார வைத்து, கட்டுப்பாட்டுப் பட்டியலின் பம்ப் பகுதியைச் சொல் சொல்லாகப் படித்தோம். அது கேட்பது மூன்று விஷயம். பம்ப் பல சீல் (சுழலும் தண்டு வழியாகத் திரவம் கசியாமல் அடைக்கும் பாகம்) கொண்டதா, அல்லது சீலே இல்லாததா? தயாரிப்பாளர் குறிப்பிடும் அதிகபட்ச ஓட்டம் மணிக்கு 0.6 கன மீட்டருக்கு மேலா? ரசாயனம் நேரடியாகத் தொடும் எல்லாப் பரப்பும் பட்டியலில் சொன்ன பொருட்களால் ஆனதா?

முதல் கேள்விக்குப் பதில் உடனே வந்தது. காந்த இயக்கப் பம்புக்குச் சுழலும் சீல் கிடையாது.

இரண்டாவதில் விற்பனை மேலாளர் ஒரு வாதம் வைத்தார். 14-இல் இரண்டு சிறிய அளவு. வாடிக்கையாளர் அதை மணிக்கு 0.5 கன மீட்டரில்தான் ஓட்டப்போகிறார், ஆர்டரிலேயே அப்படித்தான் இருக்கிறது, அதனால் அந்த இரண்டு பம்பாவது பட்டியலுக்கு வெளியே வருமே என்றார். பட்டியலின் சொல் தெளிவாக இருந்தது: தயாரிப்பாளர் குறிப்பிடும் அதிகபட்சம். எங்கள் டேட்டாஷீட்டில் சிறியதுக்கு 3, பெரியதுக்கு 12. வாங்குபவர் எவ்வளவு ஓட்டுகிறார் என்பது இங்கே கணக்கில் இல்லை.

மூன்றாவதில்தான் நேரம் போனது. பிஎஃப்ஏ ஒரு ஃபுளோரோபாலிமர். எடையில் 35 சதவீதத்துக்கு மேல் ஃபுளோரின் உள்ள பாலிமர் என்று பட்டியல் சொல்கிறது. பிஎஃப்ஏவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஃபுளோரின்தான். உள்ளே இருக்கும் பேரிங் சிலிக்கன் கார்பைடு, அதாவது செராமிக், அதுவும் பட்டியலில் உண்டு. ஆனால் கசிவை அடைக்கும் வளையமான ஓ-ரிங் சாதாரண ரப்பர். அதையும் திரவம் தொடுகிறது. ரப்பர் பட்டியலில் இல்லை. “எல்லாப் பரப்பும்னுதானே போட்டிருக்கு? ஒண்ணு இல்லைன்னா மொத்தமும் வெளியதானே?” என்று மேலாளர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். நாங்கள் பத்து நிமிடம் அதை நம்பவும் செய்தோம்.

பொறியாளர்தான் பக்கத்தைக் கீழே இறக்கிப் படித்தார். கேஸ்கெட், பேக்கிங், சீல், திருகு, வாஷர் போன்று அடைப்பு வேலை செய்கிற பாகங்களின் பொருள், அவை மாற்றிப் போடக்கூடியவையாக இருந்தால், கட்டுப்பாட்டை முடிவு செய்யாது என்று கீழே ஒரு தொழில்நுட்பக் குறிப்பு இருந்தது. ஓ-ரிங்கை யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் கழற்றி மாற்றலாம். அதோடு அந்த வாதம் முடிந்தது. பட்டியலின் முதன்மை வரியை மட்டும் படித்துவிட்டுக் குறிப்பை விடுபவர்கள் நிறைய பேர். நாங்களும் அன்று கிட்டத்தட்ட அதைத்தான் செய்தோம்.

குறிப்பிட்ட பம்புக்காக வடிவமைத்த கேசிங், லைனர், இம்பெல்லர், ரோட்டர் எல்லாம் தனியாகவே பட்டியலில் இருந்தன. ஆக, ஒரு கையில் தூக்கிவிடக்கூடிய அந்த வெள்ளை லைனருக்கும் உரிமம் வேண்டும்.

ஒப்பீட்டுக்கு எங்கள் பழைய பம்பையும் வைத்துப் பார்த்தோம். எஸ்எஸ் 316-இல் நிக்கல் 10 முதல் 14 சதவீதம், குரோமியம் 16 முதல் 18. பட்டியல் கேட்பது நிக்கல் 40 சதவீதத்துக்கு மேல், அல்லது நிக்கல் 25-க்கும் குரோமியம் 20-க்கும் மேல் உள்ள கலவை. பழைய பம்ப் உண்மையிலேயே வெளியேதான். கணினியில் இருந்த அந்த வரி பல வருடம் சரியாகவே இருந்துவிட்டது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கூட்டம் முடியும்போது இன்னொரு யோசனை வந்தது: பம்பை ஒரு ஸ்கிட்டில் (கருவிகளைப் பொருத்தும் உலோகச் சட்டம்) ஏற்றி, ‘டோசிங் அமைப்பு’ (ரசாயனத்தை அளந்து செலுத்தும் அமைப்பு) என்று அனுப்பினால்? கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பாகம் ஓர் அமைப்பின் முதன்மையான உறுப்பாக இருந்து, அதைக் கழற்றி வேறு வேலைக்குப் பயன்படுத்தவும் முடியும் என்றால், அந்த அமைப்பை அனுப்புவதும் கட்டுப்பாட்டைத் தட்டிக்கழிப்பதாகவே பார்க்கப்படும். அதைச் சொன்னதும் யோசனை கைவிடப்பட்டது. சொன்னவர் மேல் எனக்குக் கோபமில்லை. சனிக்கிழமை வண்டி வரப்போகிறது என்ற நெருக்கடியில் எல்லோருக்கும் குறுக்கு வழிதான் முதலில் தெரியும்.

பழைய ஏற்றுமதிகளைத் தேடியது

அடுத்த நாள் நான் பயந்துகொண்டே செய்த வேலை, ‘பி’ எழுத்து உள்ள மாடல்களைக் கடந்த ஐந்து வருடப் பதிவில் தேடியது. இரண்டு ஷிப்மெண்ட் கிடைத்தன. மொத்தம் ஐந்து பம்ப். இரண்டும் அதே டீலருக்கு, உரிமம் இல்லாமல் போயிருந்தன.

அனுப்பாத சரக்கை நிறுத்துவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அனுப்பிவிட்டதைப் பற்றி என்ன செய்வது என்பதில் இருந்தது. நிர்வாகத்தில் இரண்டு பேர், இனிமேல் சரியாகச் செய்வோம், பழையதைக் கிளற வேண்டாம் என்றார்கள். நாமே போய்ச் சொன்னால் உரிமம் தருபவர் நம்மைச் சந்தேகத்தோடு பார்ப்பார், இப்போதைய 14 பம்பும் மாட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் கவலை.

வழக்கறிஞர் எதிர்ப்பக்கம் நின்றார். பல நாடுகளில் தானாக முன்வந்து சொல்வது தண்டனையைக் குறைக்கும் காரணமாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. தெரிந்தபின் மறைத்தால், அதுவரை கவனக்குறைவாக இருந்தது தெரிந்தே செய்ததாகிவிடும். தவிர, உரிம விண்ணப்பத்தில் இதே பொருளை முன்பு அனுப்பியிருக்கிறீர்களா என்று கேட்டால் என்ன எழுதுவது?

என் காரணம் வேறு. அந்த ஐந்து பம்ப் யார் கையில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அதிகாரமும் வழியும் உள்ளவர்களிடம் சொல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நிர்வாக இயக்குநர் ஒரு நாள் எடுத்துக்கொண்டு, சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார். உரிமத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே, ஐந்து பம்பின் வரிசை எண்களோடு, எப்படித் தவறியது என்பதையும் எழுதி அனுப்பினோம்.

இறுதிப் பயனர் யார்?

உரிம விண்ணப்பத்துக்கு இறுதிப் பயனர் சான்று வேண்டும். டீலர் இறுதிப் பயனர் கிடையாது. பம்ப் எந்த ஆலையில், எந்த முகவரியில், எந்தத் திரவத்துக்கு ஓடப்போகிறது என்று ஆலைக்காரரே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

டீலர் மறுத்தார். தப்பான எண்ணத்தில் மறுத்ததாக நான் நினைக்கவில்லை. தன் வாடிக்கையாளர் பட்டியலை எங்களிடம் கொடுத்தால், நாளை நாங்களே நேராகப் போய் விற்போம் என்ற பயம். அந்தத் தொழிலில் அது நடக்கிற விஷயம்தான். ஒரு வழி கண்டுபிடித்தோம்: சான்று என்னிடமும் வழக்கறிஞரிடமும் மட்டும் இருக்கும், விற்பனைப் பிரிவு பார்க்காது என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டோம். பத்து நாளில் ஒன்பது பம்புக்குச் சான்று வந்தது. எஃகுத் தகடுகளை அமிலத்தில் கழுவும் ஓர் ஆலை. ஹைட்ரோகுளோரிக் அமிலம். அளவு, லைனிங், ஓட்டம் எல்லாம் அந்த வேலைக்குப் பொருந்தியது. பொறியாளர் அவர்களிடம் அமிலத்தின் செறிவும் வெப்பநிலையும் கேட்டார். கேட்ட அன்றே தெளிவான பதில் வந்தது.

மீதி ஐந்தில் இரண்டு ‘கையிருப்புக்கு’ என்றார் டீலர். கையிருப்புக்கு இறுதிப் பயனர் இல்லை, அதனால் அதை விண்ணப்பத்தில் சேர்க்கவில்லை. உதிரிபாகங்களில் அந்த ஆலைக்கு வேண்டியதை மட்டும் சேர்த்தோம்.

கடைசி மூன்றுதான் எங்களைத் தூங்கவிடவில்லை. சான்றில் இருந்த நிறுவனம் மின்முலாம் பூசும் தொழில் என்றது. முகவரியைத் தேடினால் ஒரு சரக்கு அனுப்பும் ஏஜென்சியின் அலுவலகம் வந்தது. இது மட்டும் என்றால் விளக்கம் இருக்கலாம், சிறிய நிறுவனங்கள் அப்படி முகவரி கொடுப்பது உண்டு. அப்புறம், இலவசமாக வந்து பம்பைப் பொருத்தி ஓட்டிக் காட்டுகிறோம் என்றோம், வேண்டாம் என்றார்கள். எந்தத் திரவம் என்று கேட்டதற்கு ‘பல வகை’ என்று பதில்.

இந்த மாடலுக்கு உரிமம் கிடைப்பது கடினம் என்று டீலர் வழியாகச் சொன்னோம். இரண்டு நாளில் பதில் வந்தது: அப்படியானால் எஸ்எஸ் 316 மாடலையே கொடுங்கள்.

பொறியாளர் அந்த மின்னஞ்சலை இரண்டு முறை படித்தார். லைனிங் பம்ப் உண்மையில் தேவைப்படுகிறவர் எஃகுப் பம்பை வாங்க முடியாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் எஸ்எஸ் 316-ஐச் சில வாரங்களிலேயே அரித்துவிடும். எஃகே போதும் என்றால், பல மடங்கு விலை கொடுத்து லைனிங் பம்பை முதலில் ஏன் கேட்டார்கள்? தன் ஆலையில் என்ன ஓடுகிறது என்று தெரிந்தவர் இப்படி மாற்றிக் கேட்க மாட்டார்.

எஃகுப் பம்ப் பட்டியலில் இல்லை. அனுப்பினால் யாரும் உரிமம் கேட்க மாட்டார்கள் என்று தோன்றலாம். ஆனால் பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் ஒரு பொதுப் பிடி உண்டு: பட்டியலில் இல்லாத பொருளாக இருந்தாலும், பேரழிவு ஆயுதத் திட்டத்துக்குப் போகக்கூடும் என்று ஏற்றுமதியாளருக்குத் தெரிந்தாலோ அதிகாரி சொன்னாலோ உரிமம் வேண்டும். பல இடங்களில் நியாயமான சந்தேகம் இருந்தாலே போதும். அந்த ஆர்டரை மறுத்தோம், நடந்ததை உரிம அலுவலகத்துக்கும் எழுதினோம். அந்த வாங்குபவர் தவறானவர் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. எங்களிடம் இருந்த விவரத்தை வைத்து அனுப்ப முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

பின்பு நடந்தவை

ஒன்பது பம்புக்கும் அதன் உதிரிபாகத்துக்கும் 11 வாரத்தில் உரிமம் வந்தது. இடையில் இரண்டு முறை கூடுதல் விவரம் கேட்டார்கள். ஒருமுறை பேரிங்கின் பொருள் பற்றி, ஒருமுறை ஆலையின் கழிவு அமிலம் எங்கே போகிறது என்று. உரிமத்தில் நிபந்தனை இருந்தது: ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி தர வேண்டும், ஆவணங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும், ஆலை வேறு யாருக்காவது விற்பதானால் முன் அனுமதி வேண்டும்.

தாமதத்துக்கு டீலர் தள்ளுபடி கேட்டார், கொடுத்தோம். இன்னும் எங்களிடம்தான் வாங்குகிறார்.

நாங்களே சொன்ன பழைய மீறலுக்கு ஐந்து மாதம் கழித்து பதில் வந்தது. அபராதம் இல்லை, எழுத்து மூலம் எச்சரிக்கை. இரண்டு வருடத்துக்கு ஆண்டுதோறும் வெளியாள் தணிக்கை செய்து அறிக்கை தர வேண்டும் என்றார்கள். எல்லா இடத்திலும் இப்படியே முடியும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பொருள், போன நாடு, எண்ணிக்கை, நோக்கம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

மாற்றியவை, மாற்றியிருக்க வேண்டியவை

கணினியில் எச்எஸ் குறியீட்டையும் கட்டுப்பாட்டு நிலையையும் பிரித்தோம். கட்டுப்பாட்டு நிலையை இப்போது வடிவமைப்புப் பிரிவு நிரப்புகிறது, ஏற்றுமதிப் பிரிவு சரிபார்க்கிறது. மாடல் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த இடம் காலியாகிவிடும், காலியாக இருந்தால் இன்வாய்ஸ் அச்சாகாது. விற்பனைப் பிரிவுக்கு இது தொல்லையாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும்.

இன்வாய்ஸில் பொருள் விவரம் எழுதும்போது நனையும் பகுதியின் பொருள் முதலில் வர வேண்டும், வெளி உடல் அதற்கு அப்புறம்.

பிந்தித்தான் உறைத்த இன்னொன்று, வரைபடங்கள். லைனர் வார்க்கும் அச்சின் வரைபடத்தை அதே டீலர் ஒருமுறை கேட்டிருந்தார், பழுதுபார்க்க உதவும் என்று. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கருவியைத் தயாரிக்கும் தொழில்நுட்பமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதுதான். அதை மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஏற்றுமதிதான், சுங்கத் துறை வழியாகப் போக வேண்டியதில்லை. நல்லவேளையாக அப்போது வேலைப்பளுவில் யாரும் அனுப்பவில்லை. எங்கள் அமைப்பு அதைத் தடுக்கவில்லை, எங்கள் சோம்பல்தான் தடுத்தது.

நான் வேறுமாதிரி செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. சரக்கை நிறுத்தியதும் டீலரிடம் காரணத்தைச் சொல்லாமல் நான்கு நாள் ‘ஆவணச் சிக்கல்’ என்று இழுத்தேன். எங்கள் தவறை ஒப்புக்கொள்ளத் தயக்கம். அந்த நான்கு நாளில் அவர் ஆலைக்காரரிடம் தேதி கொடுத்துவிட்டார். இறுதிப் பயனர் சான்று கேட்டபோது அவர் அவ்வளவு முரண்டு பிடித்ததில் இதற்கும் பங்கு உண்டு. நேராகச் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்ட் மேல் முதலில் எனக்கு வருத்தம் இருந்தது, ஆறு வருடமாக அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று. யோசித்தால் அவரிடம் போனதெல்லாம் ‘எஸ்எஸ் 316’ என்று எழுதிய தாள்தான். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தவர் இல்லை. பொருளைத் தெரிந்தவர்கள் நாங்கள்தான், சட்டமும் பொறுப்பை ஏற்றுமதியாளர் மேல்தான் வைத்திருக்கிறது.

இரண்டு தாள்களோடு வந்த அந்தப் பெண் இப்போது கட்டுப்பாட்டு நிலையைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருக்கிறார். கேள்விக்காக நன்றி சொன்னபோது, “தப்பா டைப் பண்ணிட்டேனோன்னு பயந்துதான் சார் வந்தேன்” என்றார்.

ஐந்து பழைய பம்ப்

முன்பு உரிமம் இல்லாமல் போன ஐந்தையும் தேடச் சொல்லி டீலரைக் கேட்டோம். அவர் உண்மையாகவே அலைந்தார். நான்கு பம்ப் இரண்டு ஆலைகளில் ஓடிக்கொண்டிருந்தன. பெயர்த்தகட்டின் படம் வந்தது, வரிசை எண் எங்கள் பதிவோடு பொருந்தியது. ஐந்தாவது ஒரு தீவிபத்தில் சேதமாகிப் பழைய இரும்புக்குப் போய்விட்டது என்று அந்த ஆலை கடிதம் கொடுத்தது. படம் இல்லை, தகடு இல்லை. உரிம அலுவலகத்துக்கு அனுப்பிய இறுதி அறிக்கையில் நான்கு வரிசை எண்களுக்கு எதிரே ‘படம் மூலம் உறுதி’ என்று எழுதினோம். ஐந்தாவதுக்கு எதிரே ‘கடிதம் மட்டும், உறுதி செய்ய முடியவில்லை’ என்று எழுதி, அப்படியே அனுப்பினோம்.